வேலை வாசல்: கேட்டரிங் முடித்தவருக்கு வேலை எங்கே உறுதியாகிறது?

"கோட்டு, டை எல்லாம் கட்டிக்கிட்டு ஸ்டேட்டஸ் போட்டிருந்தானே... பையனுக்கு வேலை கிடைச்சுடுச்சா?"

கேட்டரிங் முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன், ஜூலை மாதங்களில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்பவர் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், கல்யாண மண்டபத்தில் பார்த்த பெரியப்பாவாக இருக்கலாம். "பார்த்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை மாற்றுவார். 'தட்டு எடுக்கிற வேலைக்குப் போய் இவ்வளவு செலவு பண்ணணுமா?' என்று சேரும்போதே சொன்னவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். கல்விக் கடனின் முதல் தவணை நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்.

இதே வகுப்பில், இதே மதிப்பெண் வாங்கிய இன்னொருவர் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு நட்சத்திர ஹோட்டலில் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கியிருப்பார். அவருக்குச் சிபாரிசு இருந்ததா? பெரும்பாலும் இல்லை. ஆங்கிலத்தில் புலியா? அதுவும் இல்லை. இருவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் கடைசி ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் உருவானதில்லை. அது இரண்டாம் ஆண்டிலேயே, யாரும் கவனிக்காத ஓர் இடத்தில் உருவாகிவிடுகிறது.

வெங்காயம் உரித்தவரும், கணக்கு எழுதியவரும்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பில் ஒரு செமஸ்டர் அளவுக்கு 'இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்' உண்டு. ஐ.டி. என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். ஹோட்டலின் நான்கு முக்கியப் பிரிவுகளான ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், கிச்சன், உணவுப் பரிமாறும் எஃப் அண்ட் பி சர்வீஸ் ஆகியவற்றில் மாற்றி மாற்றி வேலை பார்க்க வேண்டும்.

நடைமுறையில் பல மாணவர்களின் அனுபவம் கசப்பாகவே இருக்கிறது. கிச்சனில் வெங்காயம், பூண்டு உரிக்கவிடுவார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் படுக்கை விரிப்பு மாற்றி மாற்றியே இடுப்பு ஒடிந்துவிடும். பேங்க்வெட் ஹாலில் இரவு 1 மணி வரை நாற்காலி அடுக்க வேண்டியிருக்கும். கையில் கிடைக்கும் உதவித்தொகை பஸ் செலவுக்கே சரியாகப் போய்விடும். 'சம்பளம் இல்லாத ஆளாக வேலை வாங்குகிறார்கள்' என்ற மாணவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், அதே வெங்காயத்தை இரண்டு விதமாக உரிக்கலாம். ஒருவர் தன் லாக் புக்கில் 'இன்று வெங்காயம் உரித்தேன்' என்று எழுதுகிறார். இன்னொருவர் உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்க்கிறார். 20 கிலோ வெங்காயத்தில் தோலும் வேரும் போக 17.5 கிலோ மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய வெங்காயம், உரித்த பிறகு கிட்டத்தட்ட 46 ரூபாய் ஆகிவிடுகிறது. இதை இரண்டு வரியில் எழுதி வைக்கிறார். அவ்வளவுதான்.

ஓராண்டு கழித்து இன்டர்வியூவில், "டிரெய்னிங்ல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கும்போது முதலாமவர், "எல்லா டிபார்ட்மென்ட்டும் பார்த்தேன் சார்" என்பார். இரண்டாமவர் வெங்காயக் கணக்கைச் சொல்வார். எதிரே இருக்கும் செஃப் நிமிர்ந்து உட்கார்வார். காரணம், ஒரு கிச்சனின் லாபமும் நஷ்டமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு தட்டு உணவுக்கான பொருள் செலவு 90 ரூபாய், விற்பனை விலை 300 ரூபாய் என்றால், ஃபுட் காஸ்ட் 30 சதவிகிதம். இந்தச் சதவிகிதத்தைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவரைத்தான் ஹோட்டல்கள் தேடுகின்றன.

மற்ற பிரிவுகளிலும் இப்படித்தான். ஹவுஸ்கீப்பிங்கில் ஓர் அறையைத் தயார் செய்ய முதல் வாரம் எத்தனை நிமிடம் ஆனது, கடைசி வாரம் எத்தனை நிமிடமாகக் குறைந்தது என்று குறித்து வைக்கலாம். ஃபிரன்ட் ஆபீஸில் ஒரே நேரத்தில் ஒரு குழுவே வந்து இறங்கியபோது செக்-இன் எப்படி நடந்தது என்று எழுதலாம். ரெஸ்டாரன்ட்டில் எந்த மேஜையில் என்ன புகார் வந்தது, கேப்டன் அதை எப்படிச் சமாளித்தார் என்று நான்கு வரி எழுதலாம். ஒரு செமஸ்டர் முடிவில் அந்த நோட்டுதான் மாணவரின் உண்மையான பயோடேட்டா.

பயிற்சி முடிந்து வெளியே வரும்போது கையில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். நாள்தோறும் எழுதிய லாக் புக், பிரிவுத் தலைவர்கள் கையெழுத்திட்ட மதிப்பீட்டுப் படிவம், பெயர் சொன்னால் ஞாபகம் வைத்திருக்கும் ஒரு சீனியர். இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆள் குறையும்போது பல ஹோட்டல்கள் முதலில் விளம்பரம் கொடுப்பதில்லை. 'நம்மகிட்ட டிரெய்னிங் வந்த அந்தப் பையன் இப்போ ஃப்ரீயா?' என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த சீனியருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பி வைப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இலக்கணத்தைவிடக் காது முக்கியம்

'எங்க பிள்ளை தமிழ் மீடியம்... ஹோட்டல்ல இங்கிலீஷ் பேசணுமே' என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால், ஹோட்டலில் தேவைப்படும் ஆங்கிலம் அளவானது. விருந்தினரை வரவேற்க, ஆர்டர் எடுக்க, வழி சொல்ல, புகார் கேட்க, மன்னிப்புக் கேட்க, வழியனுப்ப என ஆறு சூழல்களுக்கான வாக்கியங்கள் சரளமாக வந்துவிட்டால் முதல் வேலைக்கு அதுவே பெரும்பலம்.

இன்டர்வியூவில் பலர் தடுமாறுவது பேசும்போது அல்ல, கேட்கும்போதுதான். கேள்வி புரியாமலேயே மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பார்கள். விருந்தினர் 'கொஞ்சம் காரம் குறைவாக' என்று சொன்னதைக் காதில் வாங்காமல் ஆர்டர் எடுப்பவரும் இவரும் ஒன்றுதான். அதனால் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலம் கேட்பதும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் பேச்சுப் பயிற்சிக்கு இணையானது.

இன்னொரு பழக்கமும் முக்கியம். கேட்ட பொருள் இல்லை என்றால், ஹோட்டலில் வெறுமனே 'நோ சார்' என்று சொல்லி நிறுத்த மாட்டார்கள். 'அது இப்போது இல்லை, அதற்குப் பதிலாக இது இருக்கிறது, கொண்டுவரட்டுமா?' என்பதுதான் அந்தத் தொழிலின் மொழி. இதை வீட்டிலேயே பழகலாம். தங்கை விருந்தினராக உட்காரட்டும். அம்மா வேண்டுமென்றே குறை சொல்லட்டும். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். பத்தாவது நாள் பதில் தானாக வரும்.

கொஞ்சம் இந்தி தெரிந்திருந்தால் கூடுதல் வசதி. விருந்தினர்களுக்காக மட்டுமில்லை, இன்று பல கிச்சன்களிலும் ஹவுஸ்கீப்பிங் பிரிவிலும் உடன் வேலை பார்ப்பவர்கள் வட, வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். ஷிஃப்ட் மாற்றும்போது வேலையை ஒப்படைக்கவாவது அந்த மொழி உதவும். அதேபோல, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர்களின் மொழியிலேயே பேசும் ஊழியர் கிடைப்பது பெரிய ஆறுதல். தமிழ் தெரிந்ததை பயோடேட்டாவின் கடைசி வரியில் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

"உங்க ஊர் சாப்பாடு என்ன?"

இன்டர்வியூக்களில் சாதாரணமாக வரும் கேள்வி இது. சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐந்து 'மதர் சாஸ்'களான பெஷமெல், வெலூட்டே, எஸ்பான்யோல், டொமேட்டோ, ஹாலண்டேஸ் ஆகியவற்றை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர், சொந்த ஊர்ச் சாப்பாட்டைக் கேட்டால் "பிரியாணி சார்" என்று முடித்துவிடுவார்.

மணப்பாறை மாணவர் முறுக்கைப் பற்றியும், கோவில்பட்டி மாணவர் கடலை மிட்டாயைப் பற்றியும், ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர் பால்கோவாவைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும். மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. எந்தப் பொருள், எந்தப் பக்குவம், ஏன் அந்த ஊரில் மட்டும் அந்த ருசி என்று சொல்லத் தெரிந்தவருக்கு உணவின் மீது உண்மையான அக்கறை இருப்பது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். பிராந்திய உணவுகளுக்கென்றே தனி ரெஸ்டாரன்ட் நடத்தும் பெரிய ஹோட்டல்களுக்கு இப்படிப்பட்டவர்கள் தேவை.

கிச்சனுக்குப் போக விரும்புபவர் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. ஆச்சியின் சமையலை எடை போட்டு எழுதுவது. 'ஒரு கைப்பிடி பருப்பு, கொஞ்சம் புளி, உப்பு பார்த்து' என்று அவர் சொல்வதையெல்லாம் தராசில் வைத்து கிராம் கணக்கில் எழுதினால் அது 'ஸ்டாண்டர்டு ரெசிபி' ஆகிவிடும். நான்கு பேருக்கான அளவை நாற்பது பேருக்கு மாற்றி, ஒரு தட்டுக்கு என்ன செலவு என்று கணக்கிட்டு, போட்டோவோடு ஒரு ஃபைலில் வைத்தால் பத்து ரெசிபி போதும். எந்த கோர்ஸ் சான்றிதழும் இதற்கு ஈடாகாது.

அதேபோல, உணவுப் பாதுகாப்பு தெரிந்திருப்பதும் கைகொடுக்கும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், சமைத்த உணவு அந்த இடைவெளியில் அதிக நேரம் இருக்கக் கூடாது. உணவுத் தொழில் நடத்துபவர்கள் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளரை வைத்திருக்க வேண்டும் என்கிறது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அமைப்பின் 'ஃபாஸ்டாக்' பயிற்சித் திட்டம். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் இல்லை, இது வேறு. குறுகிய காலப் பயிற்சிதான். முடித்து வைத்திருந்தால், சிறிய உணவகம் முதல் பெரிய கேன்டீன் வரை மதிப்பு உண்டு.

இன்டர்வியூ நாளில் பார்ப்பது என்ன?

ஹோட்டல் இன்டர்வியூ, அறைக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நகம் வெட்டியிருக்கிறதா, ஷூ துடைத்திருக்கிறதா, தலைமுடி ஒழுங்காக இருக்கிறதா, சட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலில் சம்பிரதாயம் இல்லை, தகுதி. விலை உயர்ந்த உடை தேவையில்லை. துவைத்து இஸ்திரி போட்ட உடை போதும். வாசலில் செக்யூரிட்டியிடமும் ரிசப்ஷனிலும் எப்படிப் பேசினார் என்பதும் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.

பயோடேட்டா ஒரே பக்கம் போதும். 'ஹார்டு வொர்க்கிங்', 'டீம் பிளேயர்' என்று எல்லோரும் எழுதுவதை எழுதாமல், எந்த ஹோட்டலில், எந்தப் பிரிவில், எத்தனை வாரம், என்ன செய்தார் என்பதை எழுத வேண்டும். பகுதி நேரமாகக் கல்யாண கேட்டரிங்குக்குப் பரிமாறப் போனதைப் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். 600 பேர் பந்தியில் நின்று பரிமாறிய அனுபவம் மறைக்க வேண்டியது இல்லை. முதலில் எழுத வேண்டியது.

கேள்விகள் மூன்று வகை. முதலாவது, பாடம். உதாரணமாக, 100 அறைகள் உள்ள ஹோட்டலில் 70 அறைகள் விற்று 3,50,000 ரூபாய் வருமானம் வந்தால் சராசரி அறை வாடகை எவ்வளவு? 5,000 ரூபாய். மொத்த அறைகளுக்கும் பங்கிட்டால், அதாவது 'ரெவ்பார்' எவ்வளவு? 3,500 ரூபாய். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் என்ன செய்ய வேண்டும்? 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய தகவலை அரசுக்கு அனுப்ப வேண்டும். அடிப்படைதான், ஆனால் தடுமாறுபவர்கள் அதிகம்.

இரண்டாவது, சூழல். 'இரவு 11 மணி. புக்கிங் செய்த விருந்தினர் குடும்பத்தோடு வந்து நிற்கிறார். அறை காலி இல்லை. என்ன செய்வீர்கள்?' இதற்கு, "மேனேஜரைக் கூப்பிடுவேன்" என்பது பாதிப் பதில்தான். முதலில் மன்னிப்பு, உட்கார இடம், குடிக்க ஏதாவது. பிறகு அதே தரத்தில் பக்கத்து ஹோட்டலில் அறை, அங்கே போக ஹோட்டல் செலவிலேயே வண்டி, மறுநாள் அறை காலியானதும் திரும்ப அழைத்துவருவதற்கான உறுதி. இவை எல்லாவற்றையும் மேனேஜரின் ஒப்புதலோடு செய்வதாகச் சொன்னால்தான் முழுப் பதில். களைத்துப்போய் நிற்கும் குழந்தையை முதலில் கவனிப்பதாக யாராவது சொன்னால், அவருக்கு அந்த இடத்திலேயே ஒரு மதிப்பெண் கூடும்.

மூன்றாவது, மனம். 'தீபாவளியன்று ட்யூட்டி போட்டால்?', 'முதல் ஆறு மாதம் நைட் ஷிஃப்ட் என்றால்?' எதற்கும் "ஓகே சார்" என்பவரை அவர்கள் எளிதில் நம்புவதில்லை. "டிரெய்னிங்ல பார்த்திருக்கேன், கஷ்டமாத்தான் இருந்தது, ஆனா பழகிட்டேன்" என்று உண்மையைச் சொல்பவர் மீது நம்பிக்கை வரும். சேர்ந்த சில மாதங்களிலேயே ஆட்கள் விலகிவிடுவதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. அதனால், 'இவர் நிற்பாரா?' என்பதே ஹெச்.ஆர். மனதில் ஓடும் கேள்வி.

ஸ்டார் ஹோட்டல் மட்டுமே வேலை இல்லை

ஓபராய் குழுமத்தின் ஓ.சி.எல்.டி., ஐ.டி.சி. ஹோட்டல்ஸின் பயிற்சி மையம், மேரியட்டின் 'வாயேஜ்' எனப் பெரிய நிறுவனங்கள் நேரடியாக மேலாளர் பொறுப்புக்குத் தயார் செய்யும் பயிற்சித் திட்டங்களை நடத்துகின்றன. தேர்வு கடுமையாக இருக்கும். முயற்சி செய்யலாம். கிடைக்காவிட்டால் அத்தோடு கதவு மூடிவிடுவதில்லை.

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கான உணவுப் பிரிவும் ஹவுஸ்கீப்பிங்கும் பெரிதாக வளர்ந்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் கேன்டீன்களில் ஒரே வேளையில் பெரும் எண்ணிக்கையில் சமைத்துப் பரிமாற ஆள் வேண்டும். விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் கிச்சன்கள், ஐ.டி. அலுவலகங்களின் வளாகப் பராமரிப்பு, காபி ஷாப்கள், பேக்கரி நிறுவனங்கள், கல்யாண கேட்டரிங் நிறுவனங்கள் எல்லாம் இந்தப் படிப்பைக் கேட்கின்றன. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் ஹாஸ்பிடாலிட்டி மானிட்டர் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் நேரடி இன்டர்வியூ மூலம் ஆள் எடுப்பது வழக்கம்.

சின்ன இடத்தில் தொடங்குவதில் ஒரு லாபமும் உண்டு. 300 அறை ஹோட்டலில் புதியவர் ஒரே வேலையை மாதக்கணக்கில் செய்வார். 30 அறை ஹோட்டலில் காலையில் ரிசப்ஷன், மதியம் பில்லிங், மாலையில் பேங்க்வெட் என எல்லாம் கைக்கு வரும். இரண்டு ஆண்டு அப்படி வேலை பார்த்தவர், பெரிய ஹோட்டலில் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்துவிட முடியும்.

எம்.எஸ்.ஓபராய் 1922-ல் சிம்லாவின் சிசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் டெஸ்க் கிளார்க்காகச் சேர்ந்தவர். 1934-ல், இருந்ததையெல்லாம் அடமானம் வைத்து முதல் ஹோட்டலை வாங்கினார். பிற்பாடு அவர் உருவாக்கிய குழுமத்திடமே அந்த சிசில் ஹோட்டல் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஆனால், முதல் மேஜை எவ்வளவு சின்னது என்பது யாருடைய கடைசி மேஜையையும் தீர்மானிப்பதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு...

'நைட் ஷிஃப்ட்டா? வேண்டவே வேண்டாம்' என்று வீட்டில் மறுப்பதால், நன்றாகப் படித்த பெண்கள் பலர் இந்தத் துறைக்குள் வராமலேயே போகிறார்கள். பெற்றோர் கவலைப்படுவது தவறில்லை. அதற்கு வழி, கேட்க வேண்டியதைக் கேட்பதுதான். இரவு ஷிஃப்ட் முடிந்தால் வீடு வரை வண்டி உண்டா? தங்குமிடம் தருகிறார்களா, யார் பொறுப்பு? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ம் ஆண்டு சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்த ஹோட்டலில் அதன் உறுப்பினர்கள் யார்? இதையெல்லாம் ஆஃபர் லெட்டர் வாங்கும்போது கேட்பது உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடம் என்றால், அது வேண்டாம் என்பதற்கு அந்தச் சுளிப்பே காரணமாகப் போதும்.

பணம் கேட்டால் உஷார்

வேலை கிடைக்காத தவிப்பில் இருக்கும் வீடுகளைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். 'கப்பலில் வேலை, மாதம் லட்ச ரூபாய்', 'துபாய் ஃபைவ் ஸ்டார், விசா ரெடி' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

நல்ல ஹோட்டல் எதுவும் இன்டர்வியூவுக்கோ, ஆஃபர் லெட்டருக்கோ பணம் கேட்காது. வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்சி மத்திய அரசிடம் பதிவு பெற்றதா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் கவனிக்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். சொகுசுக் கப்பல் வேலைக்கு எஸ்.டி.சி.டபிள்யூ. எனும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி தேவைப்படும். அதை அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே முடிக்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

ப்ளஸ் டூ வீடுகளுக்கு ஒரு வார்த்தை

வேலைக்கான முதல் முடிவு, கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதுதான். மத்திய அரசின் சென்னை தரமணி ஐ.ஹெச்.எம்., மாநில அரசின் திருச்சி துவாக்குடி கல்வி நிறுவனம் போன்றவற்றில் பி.எஸ்சி. சேர, தேசிய அளவிலான என்.சி.ஹெச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குச் சமையல், பரிமாறுதல் சார்ந்த சான்றிதழ் படிப்புகளும் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தரமணியில் கட்டணமின்றிப் படிப்பதற்கான அறிவிப்புகளைத் தாட்கோ வெளியிட்டு வந்திருக்கிறது. மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

தனியார் கல்லூரி என்றால், '100% பிளேஸ்மென்ட்' போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்:

- பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்?
- போன வருடம் மாணவர்கள் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் போனது எந்தெந்த ஹோட்டல்களுக்கு?
- பயிற்சி கிச்சனில் ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அடுப்பு கிடைக்கும்?
- வேலை கிடைத்தவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் அங்கே இருப்பவர்கள் யார், அவர்களோடு பேச முடியுமா?

நான்காவது கேள்விக்குத் தயங்காமல் போன் நம்பர் தரும் கல்லூரி நல்ல கல்லூரி.

இந்த வாரமே செய்யக்கூடியவை

- லாக் புக்கைத் தேடி எடுத்து, சொல்லத்தக்க ஐந்து சம்பவங்களைக் குறித்துவைத்தல்.
- டிரெய்னிங் ஹோட்டலின் சீனியர் ஒருவருக்கு போன் செய்து, படிப்பு முடிந்துவிட்டதைச் சொல்லுதல்.
- பயோடேட்டாவை ஒரே பக்கமாக்குதல்.
- வீட்டுச் சமையலில் ஒன்றை எடைபோட்டு ரெசிபியாக எழுதுதல்.
- ஸ்டார் ஹோட்டல் அல்லாத மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தல்.

முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. முதல் வருடம் கால் வலிக்கும். ஊரே பட்டாசு வெடிக்கும்போது யாருக்கோ காபி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பிள்ளை நான்காவது மாதம், "வேண்டாம்ப்பா, வந்துடறேன்" என்று போனில் சொல்லும்போது, "தட்டு எடுக்கிற வேலைதானே, விட்டுட்டு வா" என்று சொல்கிற வீடும் உண்டு. "சாப்பிட்டியா? இந்த மாசத்தை மட்டும் பார்த்துடு, அப்புறம் பேசலாம்" என்று சொல்கிற வீடும் உண்டு. ஒரு மாதம் தாண்டிவிட்டால் அந்தக் கால்வலி பழகியும் போகலாம்.

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம் விசாரிக்கும் ஊர் இது. ஹோட்டலில் செய்வதும் அதைத்தான். கூடவே கணக்கும் ஒழுங்கும் சேர்ந்துகொள்கின்றன. வெங்காயக் கணக்கு எழுதிய பிள்ளையின் அம்மாவிடம் அடுத்த கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், அவர் பேச்சை மாற்ற வேண்டியிருக்காது.